முத்திரையின் ரிவால்வர்

எடை அளவு ஆய்வாளருக்குக் கடைத்தெருவில் முத்திரை என்று பெயர். அவர் தெருமுனையில் திரும்பும்போதே முதல் கடையிலிருந்து கடைசிக் கடைவரை அந்தப் பெயர் அவருக்கு முன்னால் ஓடிவிடும். "முத்திரை வருது." அவர் போய்ச் சேரும்போது எல்லாத் தராசுகளும் துடைக்கப்பட்டிருக்கும். எல்லாக் கைகளும் மார்புக்குக் குறுக்கே கட்டப்பட்டிருக்கும்.

அவர் கையில் எப்போதும் ஒரு பழுப்புப் பெட்டி. உள்ளே நீல வெல்வெட்டுக் குழிகளில் பித்தளை எடைக்கற்கள், ஒரு கிராமிலிருந்து இரண்டு கிலோவரை. பக்கத்தில் ஈய முத்திரை குத்தும் குறடு, ஒரு பூதக்கண்ணாடி. கல்லைத் தட்டில் வைப்பார். முள்ளைப் பார்ப்பார். முள் நடுவில் நிற்காவிட்டால் கடைக்காரர் உடனே சொல்வார்: "தராசுலதான் சார் ஏதோ கோளாறு. என் கை சுத்தம்."

"எழுத்துல குடுங்க," என்பார் முத்திரை.

இருபத்திரண்டு வருடங்களில் யாரும் எழுத்தில் கொடுத்ததில்லை. தராசு அநேகமாகப் பொய் சொல்வதில்லை என்பது அவர் அனுபவம். தட்டின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் இளைப்பாறிக்கொண்டிருக்கும். அந்த விரலை அவர் பேனாவால் தொட்டுக் காட்டுவார். விரல் தானாக எழுந்து போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் துப்பாக்கி சுடும் கிளப்பில் இருப்பார். சரக்கு ரயில் கொட்டகைக்குப் பின்னால், மூன்று பக்கமும் மண்மேடு எழுப்பிய நீளமான இடம். ஆறு தடங்கள். தகரக்கூரை. வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து ஊர்க் கிளப்புகளோடு ரிவால்வர் போட்டி. குழுவில் நான்கு பேர், அதுபோக ஒரு மாற்று ஆள். மாற்று ஆள் குழுவோடு போவார், பெட்டியைத் தூக்குவார், தண்ணீர் பிடித்துவைப்பார். இலக்குக் காகிதத்தில் துளை வளையத்தைத் தொட்டதா இல்லையா என்று தகராறு வந்தால் பூதக்கண்ணாடியை எடுப்பார். கடைசி வேலைக்காகவே அவரை எல்லாக் கிளப்பிலும் தெரியும். "முத்திரை சொன்னா சரி" என்று எதிரணிக்காரர்களே விட்டுவிடுவார்கள்.

அவர் பதினொரு வருடங்களாக மாற்று ஆள். ஒருமுறைகூட யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.

இந்த வருடம் குழுவின் நான்காவது ஆளான பல் மருத்துவர் மகள் வீட்டோடு போய்விட்டார். இடம் காலி. எட்டாவது ஞாயிறு தேர்வு என்று கிளப் செயலாளர் பலகையில் எழுதினார். இருபத்தைந்து மீட்டர், பத்து ரவுண்டு, நூற்றுக்கு. ஒரு நிபந்தனை: சொந்த ரிவால்வர் வேண்டும். கிளப்பின் மூன்று துப்பாக்கிகளும் வாசலைத் தாண்டக் கூடாது.

முத்திரை கிளப் ரிவால்வரில் சாதாரணமாக எண்பத்துநான்கு, எண்பத்தைந்து எடுப்பார். வயது ஐம்பத்தொன்று. குழுவின் மற்ற மூவரும் கல்லுப்போல் இருந்தார்கள். அடுத்த காலியிடம் வருவதற்குள் தன் கண்ணில் புரை விழுந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். கிடைத்தால் இப்போதுதான். இதைவிட்டால் தண்ணீர்க் கூஜா.

அந்த இடத்துக்குக் கண் வைத்த இன்னொருவர் மளிகைக்காரர். கடைத்தெருவின் நடுக்கடை. முத்திரை அவருடைய தராசை இரண்டு முறை பூட்டி முத்திரை வைத்திருக்கிறார். கிளப்பில் அவருக்கு நான்காம் தடம். முத்திரைக்கு மூன்றாம் தடம். பத்து வருடங்களாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்று சுடுகிறார்கள். பேச்சு "வணக்கம் சார்", "வணக்கம் முதலாளி" என்பதோடு சரி.

ரிவால்வரை மச்சினன் கொடுத்தான். முத்திரையின் மனைவிக்குத் தம்பி. போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன். சில வருடங்களுக்கு முன் ஆசைப்பட்டு வாங்கியது.

"புதுசு மாதிரி வெச்சிருக்கேன் அத்தான். நூறு தோட்டாகூட ஓடியிருக்காது. உங்களுக்குன்னுதான் தர்றேன். வேற யாராவது கேட்டா கொடுக்கவே மாட்டேன்."

"வேற யாராவது கேட்டாங்களா மாப்ள?"

"கேக்கல. கேட்டாலும்னு சொன்னேன்."

உண்மையில் அது புதுசு மாதிரிதான் இருந்தது. நீலக் கறுப்பு. கைப்பிடிக் கட்டையில் கீறல் இல்லை. உரிமம் மாற்றும் காகிதங்கள் முடிந்து, முதல் ஞாயிறு அவர் மூன்றாம் தடத்தில் நின்று பத்து ரவுண்டு சுட்டார்.

ஐம்பத்தெட்டு.

மறுபடி சுட்டார். அறுபத்தொன்று. துளைகள் காகிதம் முழுக்க இருந்தன. யாரோ அவசரமாக உப்புத் தூவியது போல.

"புதுத் துப்பாக்கியா சார்," என்றார் மளிகைக்காரர், எட்டிப் பார்த்தபடி.

"பழசு."

"பாத்தா தெரியல," என்றார். துப்பாக்கியைப் பார்த்துச் சொன்னாரா காகிதத்தைப் பார்த்தா என்று முத்திரைக்குப் புரியவில்லை. அடுத்த சுற்றின் நடுவில் மளிகைக்காரரே கன்னத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்: "சார், உங்க பக்கத்திலிருந்து ஏதோ மணல் மாதிரி தெறிக்குது. கன்னத்துல சுருக்குனு குத்துது."

முத்திரை யோசிக்கவே இல்லை. "எழுத்துல குடுங்க."

மளிகைக்காரர் காதடைப்பானைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து கடையின் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். நின்றபடியே எழுதினார். கிழித்துக் கொடுத்தார். "பெறுநர்: மூன்றாம் தடம். பொருள்: கன்னம். ஐயா, தாங்கள் சுடும்போது தங்கள் துப்பாக்கியின் வலப்பக்கமிருந்து நுண்ணிய துகள் தெறித்து என் இடக்கன்னத்தில் படுகிறது. ஆவன செய்யவும்."

இருபத்திரண்டு வருடங்களில் வந்த முதல் எழுத்துப் புகார். முத்திரை அதைப் படித்தார். போட்டியாளர் கவனத்தைக் கலைக்கப் பார்க்கிறார் என்று முடிவுசெய்தார். ஆனாலும் காகிதம் காகிதம்தான். வீட்டுக்குப் போய் ஒரு கோப்பு திறந்து, முதல் தாளாக அதைச் சேர்த்தார்.

வீட்டில் மனைவி கேட்டார்: "எத்தனை?"

அவர் நகர நூலகத்தில் இருபது வருடங்களாக வேலை பார்ப்பவர். குரல் எப்போதும் கிசுகிசுப்புதான். கோபம், சிரிப்பு, பால் பொங்குகிறது என்ற எச்சரிக்கை, எல்லாமே ஒரே அளவில் வரும்.

"அறுபத்தொண்ணு."

"கை நடுங்குச்சா?"

"கை சரியாத்தான் இருக்கு. துப்பாக்கியிலதான் ஏதோ..."

சொல்லும்போதே நிறுத்திக்கொண்டார். இந்த வாக்கியத்தை அவர் நூறு கடைகளில் கேட்டிருக்கிறார்.

"என் தம்பி தப்பான பொருள் தருவானா?" என்றார் மனைவி, இன்னும் மெதுவாக.

பிரச்சினை இப்போது முழுசாக வந்து நின்றது. துப்பாக்கி தப்பு என்றால் மச்சினன் ஏமாற்றுக்காரன். கை தப்பு என்றால் தேர்வு போச்சு. ஏழு ஞாயிறு மிச்சம்.

முத்திரைக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மற்றதை அப்படியே வைப்பது, எழுதுவது. தராசை அப்படித்தான் சோதிப்பார். கோப்பில் இரண்டாவது தாளில் கோடு போட்டார்.

முதலில் திருகுகள். குறிபார்க்க உதவும் பின்குறியைப் பிடிக்கும் திருகு தளர்ந்தால் குண்டு கண்டபடி போகும். எல்லாத் திருகும் இறுக்கமாக இருந்தன. எழுதினார்: இல்லை.

அடுத்து குழல். உள்ளே ஈயம் ஒட்டியிருந்தால் குண்டு சரியாகச் சுழலாது. பித்தளைத் தூரிகையைப் போட்டுத் தேய்த்தபோது சாம்பல் நிறச் செதில்கள் வெள்ளைத்துணியில் விழுந்தன. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. செதில்களைப் பொட்டலம் கட்டி அலுவலகத்துக்கு எடுத்துப்போய், தங்கக்கடைத் தராசுகளைச் சரிபார்க்கும் நுண்தராசில் நிறுத்தார். உதவியாளர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இது, தூளு?"

"என் மதிப்பெண்," என்றார் முத்திரை.

குழல் கண்ணாடியாக இருந்தது. இரண்டாவது ஞாயிறு: அறுபத்துமூன்று. மாலையில் மறுபடி தேய்த்தபோது மறுபடி செதில்கள். இத்தனை சீக்கிரம் இவ்வளவு ஈயம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தார். பதில் கோப்பின் முதல் தாளில் இருந்தது. அதை அவர் புரட்டவில்லை.

பிறகு தோட்டா. மூன்று தயாரிப்புகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி ஒவ்வொரு தோட்டாவையும் நிறுத்தார். வித்தியாசம் சொல்லும்படி இல்லை. மூன்றும் ஒன்றுபோல உப்புத் தூவின.

பிறகு அறைகள். ரிவால்வரின் உருளையில் ஆறு அறைகள்; ஒவ்வொன்றாகச் சுழன்று குழலுக்கு நேரே வந்து நிற்க வேண்டும். ஏதாவது ஓர் அறை மட்டும் கெட்டிருந்தால் ஆறில் ஒன்று ஓடிப்போகும். மனைவியின் நகப்பூச்சை எடுத்து உருளையின் வெளிப்புறத்தில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று வைத்தார்.

"அது போன மாசம் வாங்கினதுங்க," என்று கிசுகிசுத்தார் மனைவி. "நான் நாலு விரலுக்குத்தான் வெச்சிருக்கேன்."

"ஆறு அறைக்குத்தான் கேக்குறேன்."

மூன்றாவது ஞாயிறு ஆறு காகிதம் மாட்டினார். ஒரு புள்ளி அறையிலிருந்து ஐந்து தோட்டா முதல் காகிதத்துக்கு, இரண்டு புள்ளி அறையிலிருந்து ஐந்து இரண்டாவதுக்கு. முப்பது தோட்டா, இரண்டு மணி நேரம். கிளப்பில் இருந்தவர்கள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். முடிவில் ஆறு காகிதமும் ஆறு அண்ணன் தம்பிகள் போல இருந்தன. ஒன்றுகூட உருப்படவில்லை. ஆக, அறைகள் அல்ல. ஆறுக்கும் பொதுவான ஏதோ ஒன்று.

"சார்," என்றார் மளிகைக்காரர், கன்னத்தைப் பிடித்தபடி, "என் மனு என்னாச்சு?"

"பரிசீலனையில இருக்கு முதலாளி."

நான்காவது ஞாயிறு மணல் மூட்டை. மேசை மேல் மூட்டையை வைத்து, அதன் மேல் கையைப் புதைத்து, உட்கார்ந்து சுட்டார். கை அசைய வழியே இல்லை. அப்போதும் உப்பு.

முத்திரை எழுந்து நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை யாரும் பார்த்ததில்லை. மோசமாகச் சுட்ட காகிதத்தைத் தூக்கிப் பிடித்துச் செயலாளரிடம் காட்டினார். "பாருங்க. கை இல்ல. கருவி. கருவிதான்."

"ரொம்ப சந்தோஷம்," என்றார் செயலாளர். அந்த வாரம்தான் கண் அறுவை சிகிச்சை முடிந்து அவர் ஒரு கண்ணில் மூடி போட்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சந்தோஷம் குறைந்தது. கருவி என்றால் மச்சினன். மனைவியிடம் அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, பஸ் ஏறி அடுத்த ஊரில் இருந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் போனார்.

மெக்கானிக் ஓர் அம்மாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரே மேசையில் இடப்பக்கம் தையல் மெஷின் தலைகள், வலப்பக்கம் துப்பாக்கிகள். சுவரில் அரசாங்க உரிமம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கோப்பைப் பார்க்கக்கூட இல்லை. ரிவால்வர் காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பக்கத்துல நின்னு சுடுறவங்க ஏதாவது சொன்னாங்களா தம்பி?"

"என்ன சொல்லணும்?"

"மூஞ்சில பொடி தெறிக்குதுன்னு."

முத்திரை கோப்பைத் திறந்து முதல் தாளை எடுத்து நீட்டினார். அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தார்.

"இவரு எப்ப எழுதுனாரு?"

"முதல் ஞாயிறு."

"மூணு வாரம் தாண்டியாச்சு. இத்தனை நாள் எங்க இருந்துச்சு இந்தத் தாள்?"

"கோப்புலதான்," என்றார் முத்திரை.

அம்மாள் தாளைத் தன் பக்கம் ஓரமாக வைத்துக்கொண்டார். உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் மெல்லிய எஃகுத் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். இடப்பக்கம் மிக மெல்லிய தகடுகூடச் சிரமப்பட்டுப் போனது. வலப்பக்கம் அவர் மேசையிலிருந்த விசிட்டிங் கார்டு போனது.

"உருளையைத் தாங்குற இந்தக் கை வளைஞ்சிருக்கு. கண்ணுக்குத் தெரியாது. அறை வந்து குழலுக்கு நேரா நிக்காது, கொஞ்சம் கோணி நிக்கும். குண்டு வாசப்படியில இடிச்சுக்கிட்டு உள்ள போகுது. இடிச்ச ஈயம் பாதி குழல்ல ஒட்டுது, பாதி பக்கத்துக்காரர் கன்னத்துக்குப் போகுது." தகட்டைக் கீழே வைத்தார். "முன்னாடி வெச்சிருந்தவர் சினிமா நெறைய பாப்பாரா?"

"ஏன்?"

அம்மாள் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டிக் காட்டினார். "தோட்டா போட்டதும் உருளையை விரலால மூடணும். சில பேர் இப்படி ஒரு உதறு உதறி மூடுவாங்க. டக்குனு. பாக்க நல்லாத்தான் இருக்கும். அம்பது உதறலுக்கு இது வளைஞ்சிரும்."

நேராக்க ஒரு வாரம் ஆகும் என்றார். சீட்டை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றார்.

முத்திரை இதை மனைவியிடம் சொல்லாமல் மூன்று நாள் கடத்தினார். நான்காம் நாள் மச்சினனே சாப்பிட வந்தான். தட்டு வைத்து, எல்லாரும் உட்கார்ந்து, மனைவி பரிமாறிக்கொண்டிருந்தபோது முத்திரை சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டார்.

"மாப்ள, தோட்டா போட்டதும் நீ எப்படி மூடுவ?"

மச்சினன் முகம் மலர்ந்தது. யாரும் அவனிடம் இதுவரை கேட்டதில்லை. சாப்பாட்டுக் கையை விட்டுவிட்டு இடக்கையால் பக்கத்திலிருந்த அக்காளின் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தான். திறந்தான். மணிக்கட்டை ஒரு வெட்டு.

டக்.

"ஸ்டூடியோவுல கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன் அத்தான். ஒரு நாளைக்கு முப்பது தடவை. சுடத்தான் நேரம் கிடைக்கல."

முத்திரை மனைவியைப் பார்த்தார். மனைவி கரண்டியோடு நின்றார். பிறகு குனிந்து தம்பியின் காதருகில் நூலகக் குரலில் சொல்லத் தொடங்கினார். முத்திரைக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மச்சினனின் காது மட்டும் மெல்லச் சிவந்துகொண்டே போனது. ஐந்து நிமிடம் இருக்கும்.

"நான் ஏமாத்தல அத்தான்," என்றான் கடைசியில். "எனக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரியும் மாப்ள. நூறு தோட்டா ஓடலன்னு நீ சொன்னது நூத்துக்கு நூறு உண்மை."

அந்த வாரத்திலிருந்து மச்சினன் ஞாயிறு காலை கிளப்புக்கு வந்து சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளைப் பொறுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பு வழங்கியவர் அக்காள்.

ஆறாவது ஞாயிறு ரிவால்வர் திரும்பிவந்திருந்தது. மணல் மூட்டையில் வைத்துச் சுட்டார். பத்துத் துளையும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கின. மளிகைக்காரர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. "மனு மேல நடவடிக்கை எடுத்துட்டாங்கப்பா," என்று பொதுவாகச் சொன்னார்.

முத்திரை மூட்டையை நகர்த்திவிட்டு எழுந்து நின்றார். கையை நீட்டினார். பத்து ரவுண்டு.

எழுபது.

இந்த முறை உப்புத் தூவவில்லை. எல்லாத் துளைகளும் ஒரே இடத்தில், கீழே, இடப்பக்கம், நெருக்கமாக இருந்தன. அவர் நீண்ட நேரம் காகிதத்தின் முன்னால் நின்றார். மூட்டையில் சரி, கையில் கோணல். திருகு இல்லை, குழல் இல்லை, தோட்டா இல்லை, அறை இல்லை, உருளையைத் தாங்கும் கையின் வளைவும் இல்லை. பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம். அதை எழுத அவருக்குப் பேனா வரவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம். மளிகைக்காரர்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"எழுத்துல வேணுமா?"

"வேணாம் முதலாளி. வாயாலயே சொல்லுங்க."

"நான் தோட்டா போட்டுத் தர்றேன். நீங்க உருளையைப் பாக்காம வாங்கிச் சுடுங்க. அவ்வளவுதான்."

மளிகைக்காரர் திரும்பி நின்று, முதுகால் மறைத்துக்கொண்டு நிரப்பினார். விரலால் மெதுவாக மூடிக் கொடுத்தார். முத்திரை குறிபார்த்தார். முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதற்கு விசையை இழுத்தார். "க்ளிக்" என்றது. வெடிக்கவில்லை. சுட்டு முடிந்த காலிக் கூடு.

ஆனால் துப்பாக்கியின் மூக்கு தானாகக் கீழே ஒரு குட்டிக்கரணம் போட்டது. வெடியே இல்லாமல். தகரக்கூரையின் கீழ் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். கூடு பொறுக்கிக்கொண்டிருந்த மச்சினனும் பார்த்தான்.

மளிகைக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். முத்திரையின் ஆள்காட்டி விரலை அதன் நுனியால் தொட்டார்.

"சார். கை வெச்சு அமுக்குறீங்க."

இந்தத் தருணத்துக்காக அவர் எத்தனை வருடம் காத்திருந்தாரோ. ஆனால் சிரிக்கவில்லை. அது முத்திரைக்குப் பிடித்திருந்தது.

"எப்ப வந்துச்சு இது?" என்றார் முத்திரை. "கிளப் துப்பாக்கியில எனக்கு இந்தப் பழக்கம் இல்லையே."

"நாலு வாரம் ஒரு கோணல் துப்பாக்கியோட குடும்பம் நடத்தியிருக்கீங்க. எங்க போகும்னு தெரியாம ஒவ்வொரு தடவையும் உடம்பு பதறியிருக்கும். துப்பாக்கிய மெக்கானிக் நிமித்திட்டாங்க. உங்கள யாரு நிமித்துறது?"

"நீங்க நிமித்துங்க."

"நானும் அதே இடத்துக்குத்தான் சார் நிக்கிறேன்."

"தெரியும்."

மளிகைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "கடைய ஆறு மணிக்கு மூடிட்டு வர்றேன்," என்றார்.

பதினான்கு சாயங்காலங்கள். மளிகைக்காரர் முக்காலியில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பார். சிலநேரம் ஆறும் நிறைவு. சிலநேரம் ஆறும் காலி. முத்திரை காலிக்கும் குட்டிக்கரணம் போடும்போதெல்லாம் பேனா வந்து விரலைத் தொடும்.

"அடுத்தது என்ன முதலாளி?"

"மூட்டையைப் பிரிக்காம சரக்கு என்னன்னு கேட்டா எப்படி சார்."

வீட்டில் வேறு பயிற்சி. காலித் துப்பாக்கி, வெறும் சுவர். குழலின் மேல் பத்து கிராம் பித்தளைக் கல்லை மனைவி நிறுத்திவைப்பார். முத்திரை விசையை இழுப்பார். கல் விழக் கூடாது. முதல் நாள் கல் சமையலறைவரை உருண்டது. ஐந்தாம் நாள் இரண்டு முறை நின்றது. பத்தாம் நாள் மனைவி வரிசையாகக் கிசுகிசுத்தார்: "விழல. விழல. விழல." இருவரும் ஏதோ திருட்டு வேலை செய்வதுபோல இருந்தது.

எட்டாவது ஞாயிறு. மனைவி முதல்முறையாகக் கிளப்புக்கு வந்து தகரக்கூரையின் கீழ் உட்கார்ந்தார். தேர்வுக்கு ஆறு பேர் வந்திருந்தாலும் நான்கு பேர் எழுபதுகளிலேயே நின்றுவிட்டார்கள். மளிகைக்காரர் நிதானமாகச் சுட்டு எண்பத்தைந்து எடுத்தார். அதில் மூன்று பத்துகள்.

முத்திரை கடைசி. ஒன்பது ரவுண்டில் எழுபத்தாறு. ஒரு துளைகூடக் கீழே இடப்பக்கம் இல்லை. பத்தாவதுக்கு மூச்சைப் பாதியில் நிறுத்தினார். விசையை அவர் இழுத்ததாகவே தெரியவில்லை. அதுவாக வெடித்தது போல இருந்தது.

காகிதத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்கள். பத்தாவது துளை பத்தாம் வளையத்தின் கோட்டை ஒட்டி இருந்தது. தொட்டிருந்தால் பத்து. மொத்தம் எண்பத்தாறு, இடம் முத்திரைக்கு. தொடாவிட்டால் ஒன்பது. மொத்தம் எண்பத்தைந்து, சமன். சமன் என்றால் பத்துகள் அதிகம் எடுத்தவருக்கு என்பது கிளப் விதி. முத்திரைக்கு இரண்டு பத்து, மளிகைக்காரருக்கு மூன்று.

செயலாளர் வழக்கம்போல "முத்திரை சார், பாருங்க" என்று சொல்லிவிட்டு, பாதியில் நிறுத்தினார்.

"என் துளைய நான் அளக்கக் கூடாது," என்றார் முத்திரை. பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"எனக்கு ஒரு கண்ணு இன்னும் மூடித்தான் இருக்கு. வேற யாருக்கு அளந்து பழக்கம்?"

மளிகைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "தினம் ஐநூறு தடவை முள்ளைப் பாக்குறவன் நான்."

அவர் எதிராளி. ஆனாலும் செயலாளர் முத்திரையைப் பார்த்தார், முத்திரை தலையசைத்தார். மளிகைக்காரர் கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"தொடுது," என்றார். "பத்து."

கைதட்டினார்கள். மச்சினன் கூடுகள் இருந்த டப்பாவை ஆட்டினான். செயலாளர் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் போனார். மனைவி எழுந்து நின்றுவிட்டார். பதினொரு வருடம். முத்திரை கையை நீட்டி வாழ்த்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் கை நீண்டது. ஆனால் பூதக்கண்ணாடியை நோக்கி.

"என்னங்க," என்றார் மனைவி.

முத்திரை குனிந்தார். கடைக்காரர் சொன்ன அளவை அப்படியே எழுதிக்கொண்டு அவர் எந்தக் கடையிலிருந்தும் வந்ததில்லை. துளையின் விளிம்பு. கோட்டின் விளிம்பு. நடுவில் வெள்ளை. தலைமுடி அளவு, அதில் பாதி இருக்கலாம். காகிதத்தைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். வெள்ளை அங்கேயே இருந்தது.

"தொடல," என்றார். "ஒன்பது."

செயலாளரின் கை பலகையில் பாதி எண்ணோடு நின்றது.

மளிகைக்காரர் நெற்றியைத் தேய்த்தார். "சார், இருபத்திரண்டு வருஷத்துல உங்களுக்குன்னு ஒரே ஒரு தடவைதான் தூக்கலா நிறுத்தேன். அதையுமா பிடிப்பீங்க?"

"கூடப் போட்டாலும் பிழைதான் முதலாளி."

"நல்ல வாடிக்கைக்குக் கொஞ்சம் தாராளமா போடுறது வழக்கம்."

"எத்தனை கிராம்வரைக்கும்?"

"அது கடைக்கு வந்து பாருங்க," என்றார் மளிகைக்காரர். அப்போதுதான் இருவரும் சிரித்தார்கள்.

செயலாளர் எண்ணை அழித்துவிட்டு எண்பத்தைந்து என்று எழுதினார். நான்காவது இடத்தில் மளிகை என்று போட்டார்; அதற்குக் கீழே, பதினொரு வருடமாக அழிக்கப்படாமல் பலகையில் ஊறிப்போயிருந்த 'மாற்று ஆள்: முத்திரை' என்ற வரியை அப்படியே விட்டுவைத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது மச்சினன் முன்னால் போனான். கொஞ்ச தூரம் வந்ததும் மனைவி கிசுகிசுத்தார்.

"ஒரு நிமிஷம் வாய மூடிட்டு நின்னிருந்தா முடிஞ்சிருக்கும்."

"வெள்ளை தெரிஞ்சுது."

"எவ்வளவு?"

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிக் காட்டினார். இடையில் ஒன்றுமே இல்லை.

"அவ்வளவுக்கா," என்றார் மனைவி. பிறகு, தெருவில் போகிற இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, நல்ல சத்தமாகச் சொன்னார்: "உங்களக் கட்டிக்கிட்டு நான் என்ன பண்றது."

முன்னால் போன மச்சினன் நின்றேவிட்டான். அக்காளின் குரல் அவ்வளவு பெரியது என்று அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

அன்று மாலை முத்திரை கோப்பை எடுத்தார். கருவி: சரி. கை: சரி. இரண்டையும் எழுதி அடிக்கோடு போட்டார். முதல் தாள் இருந்த இடம் காலியாக இருந்தது. மெக்கானிக் அம்மாளிடமிருந்து அதை வாங்கிவர வேண்டும் என்று ஓரத்தில் குறித்துவைத்தார். பிறகு தண்ணீர்க் கூஜாவின் மூடி எங்கே என்று தேடப் போனார். போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.